ஒரு ‘உம்’மை விழுங்கியவர் யார்? குடிநீர், மாநகர சபை, சேவை வர்த்தக உடன்படிக்கை

நல்லூரான்:
“பொதுச் சேவைகள் வணிக அடிப்படையில் வழங்கப்படாதபடியால் உலக வர்த்தக அமைப்பின் சேவை வர்த்தக உடன்படிக்கைக்கு வெளியே நிற்கின்றன; யாழ்ப்பாண மாநகர சபையின் குழாய்நீரும் குப்பை வண்டியும் அந்நியர் கைக்குப் போகும் என்று அஞ்சுவது அறியாமை” என்று கடலோடி நேற்று எழுதியிருந்தார். அறியாமையை இவ்வளவு தாராளமாக அள்ளி வழங்குபவரிடம் கையிருப்பும் நிறைய இருக்க வேண்டும். 1995 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கை, தன் முதலாம் உறுப்புரையிலேயே, வணிக அடிப்படையிலும் வழங்கப்படாத, பிற வழங்குநரோடு போட்டியிட்டும் வழங்கப்படாத சேவைக்கு மட்டுமே விலக்களிக்கிறது. அங்கே இரண்டு ‘உம்’ இருக்கின்றன. கடலோடி முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதை விழுங்கிவிட்டார். குழாய்நீருக்கு மாதாமாதம் பட்டியல் வருகிறதே, அது வணிகமில்லையா? போதனா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் கூப்பிடு தூரத்தில் தனியார் மருத்துவமனைகள் நிற்கும்போது போட்டியே இல்லை என்று எந்த நடுவர் சொல்வார்?

கடலோடி:
ஐயா, நான் எதையும் விழுங்கவில்லை, சுருக்கிச் சொன்னேன். அந்த உடன்படிக்கையில் சந்தைத் திறப்பு என்பது, ஒவ்வொரு நாடும் தன் அட்டவணையில் எழுதிக்கொடுத்த துறைகளுக்கு மட்டுமே உரியது. இலங்கை எழுதிக்கொடுத்தவை சுற்றுலா, தொலைத்தொடர்பு, நிதிச் சேவை ஆகியவை. அந்த அட்டவணையில் குடிநீரும் இல்லை, குப்பையும் இல்லை. ஆகவே உங்கள் இரண்டாவது ‘உம்’ இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பூட்டிய வீட்டின் வாசலில் நின்று காவலுக்கு நாயில்லையே என்று அழுகிறீர்கள்.

நல்லூரான்:
நான் அட்டவணையைப் பற்றிக் கேட்கவில்லை. ‘உம்’மைப் பற்றிக் கேட்டேன். “வெளியே நிற்கின்றன” என்று எழுதியது நீங்கள். “உள்ளேதான் நிற்கின்றன, ஆனால் எழுதிக்கொடுக்கவில்லை” என்பது இன்று நீங்கள் தைத்த புதுச் சட்டை. தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் திட்டத்தைப் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் ஒரு நாள் ஒரு பேச்சாக இருந்தீர்கள், நான் மறக்கவில்லை.

ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. தன் அட்டவணையில் பொழுதுபோக்குச் சேவைகள் என்று எழுதி, விளையாட்டை மட்டும் விலக்கி வைத்த அந்த நாடு, இணையச் சூதாட்டத்தைத் தடுத்தபோது, சின்னஞ்சிறு நாடான அன்ரிகுவா பார்புடா உலக வர்த்தக அமைப்பில் வழக்குக்குப் போய், பொழுதுபோக்கு என்பதற்குள் சூதாட்டமும் அடங்கும் என்று வென்றது. “நாங்கள் அதை ஒருபோதும் நினைக்கவில்லை” என்று அமெரிக்கா சொன்னது எடுபடவில்லை. 2007இல், ஆண்டுக்கு 2 கோடியே 10 இலட்சம் டொலர் அளவுக்கு எதிர் நடவடிக்கை எடுக்க அன்ரிகுவாவுக்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்காவுக்கே ஒரு சொல் இந்தப் பாடு படுத்தியதென்றால், மாநகர சபைக்கு ஒரு ‘உம்’ என்ன பாடு படுத்தும் என்று கடலோடி சொல்லட்டும்.

ஸ்காபரோவிலிருந்து ஒருவன்:
இரண்டு பேரும் சொல்லைப் பிடித்து இழுக்கிறீர்கள். யார் கையொப்பமிடுகிறார்கள் என்பதை விட்டுவிட்டீர்கள். நான் வாழும் கனடாவோடு ஐரோப்பிய ஒன்றியம் செய்த வர்த்தக உடன்படிக்கையை, 2016 ஒக்டோபரில் பெல்ஜியத்தின் வலோனியப் பிராந்தியப் பாராளுமன்றம் மறித்து நின்று, விளக்க ஆவணம் ஒன்றை எழுதுவித்த பின்னரே வழிவிட்டது. ஒரு மாகாணம் முழுக் கண்டத்தையும் காக்க வைத்தது. நமக்கு அப்படி ஓர் அவை உண்டா?

நல்லூரான்:
பனிக்குள் இருந்துகொண்டு எங்கள் கிணற்றின் ஆழத்தை அளக்க வேண்டாம். வலோனியாவில் ‘உம்’ இல்லை, இங்கே இருக்கிறது.

ஸ்காபரோவிலிருந்து ஒருவன்:
அந்தக் கிணற்றைக் கட்டக் காசு அனுப்பியபோது பனி தெரியவில்லை, ஐயா.

முன்னாள் உறுப்பினர்:
மாநகர சபையில் ஒரு தவணை இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் நீங்கள் தேடும் ஆபத்து நம் அரசியலமைப்புக்குள்ளேயே இருக்கிறது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தப்படி உள்ளூராட்சி மாகாண சபை நிரலில் உள்ள விடயம். அந்த நிரலில் உள்ளதைப் பற்றிப் பாராளுமன்றம் சட்டம் ஆக்குவதானால் முதலில் மாகாண சபைகளின் கருத்தைக் கேட்க வேண்டும். ஆனால் 154எ உறுப்புரையின் பதினோராம் பந்தி, வேறொரு நாட்டுடன் செய்த உடன்படிக்கையை நடைமுறைப்படுத்துவதற்காக என்றால் அந்த நடைமுறை வேண்டியதில்லை என்கிறது. 157ஆம் உறுப்புரையோ இன்னும் ஒரு படி மேலே போகிறது: முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றைப் பொருளாதார அபிவிருத்திக்கு இன்றியமையாதது என்று பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கினரால் தீர்மானித்துவிட்டால், தேசிய பாதுகாப்புக்காக அன்றி அதற்கு மாறாகச் சட்டமும் ஆக்கமுடியாது, நிர்வாக நடவடிக்கையும் எடுக்கமுடியாது. மாநகர சபையின் உப விதி எந்த மூலைக்கு? 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு, கருத்துக் கேட்பதற்குக்கூட அங்கே ஆளில்லை.

கடலோடி:
உறுப்பினர் ஐயா பயமுறுத்துகிறார். 2003இல் நீர்ச் சேவைகள் சீர்திருத்தச் சட்டமூலம் வந்தபோது, மாகாண சபைகளுக்கு அனுப்பாமல் நிறைவேற்றமுடியாது என்று உயர் நீதிமன்றம் சொல்லவில்லையா? காவல் இருக்கிறது, வேலையும் செய்கிறது.

முன்னாள் உறுப்பினர்:
அது உள்நாட்டுச் சட்டமூலமாக வந்தபடியால்தான் அந்தக் காவல் வேலை செய்தது. அதே சரக்கு ஓர் உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தும் சட்டமாக வந்திருந்தால் பதினோராம் பந்தி வாசலைத் திறந்து விட்டிருக்கும். இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

இலக்கணப் பித்தன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நல்லூரான் ‘உம்’ என்று எழுதுவது எண்ணும்மை. ஆங்கில மூலத்தில் இருப்பது எதிர்மறை இணைப்பு. அதை ‘வணிக அடிப்படையிலோ போட்டியிலோ வழங்கப்படாத’ என்று எழுதினாலும் அதே பொருள்தான். ஆகவே சண்டை ‘உம்’மைப் பற்றியது அல்ல.

நல்லூரான்:
முப்பத்திரண்டு வருடம் தமிழ் படிப்பித்தவனுக்கு உம்மையின் எட்டு வகையையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘ஓ’ போட்டாலும் ‘உம்’ போட்டாலும் கடலோடியின் வசனத்தில் ‘போட்டி’ என்ற சொல்லே இல்லை என்பதைப் பித்தன் கவனித்தாரா?

இலக்கணப் பித்தன்:
அப்படியானால் அவர் விழுங்கியது ஒரு சொற்றொடர், ‘உம்’ அல்ல. தலைப்பே பிழை.

சுன்னாகத்துக் கிணறு:
உடன்படிக்கை என்றால் சூதாட்டம் என்று பேசும் பெரியவர்களுக்கு மட்டக்களப்பு இறால் பண்ணை நினைவில்லை. 1987 ஜனவரியில் அரச படைகளின் நடவடிக்கையில் அந்தப் பண்ணை அழிக்கப்பட்டது. ஊழியர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அதில் பங்கு வைத்திருந்த, அப்போது பிரித்தானியாவின் கீழ் இருந்த ஹொங்கொங்கின் நிறுவனம், பிரித்தானியாவுடன் இலங்கை 1980இல் செய்த முதலீட்டு உடன்படிக்கையைக் காட்டி வாஷிங்டன் நடுவர் மன்றத்துக்குப் போய், 1990 ஜூனில் 4,60,000 டொலரும் வட்டியும் பெற்றது. அந்த உடன்படிக்கையைக் காட்டி அங்கே போக, கொல்லப்பட்டவர்களின் வீட்டாருக்கு உரிமை இருக்கவில்லை. இரண்டாவது ‘உம்’மை நான் தேடுவது இங்கேதான்.

கடலோடி:
அது முதலீட்டு உடன்படிக்கை. நாம் பேசுவது சேவை வர்த்தகம். இறாலைக் குழாய்நீருக்குள் விடவேண்டாம்.

முன்னாள் உறுப்பினர்:
2018 மே முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த, சிங்கப்பூருடன் இலங்கை செய்த வர்த்தக உடன்படிக்கையில் பண்டமும் சேவையும் முதலீடும் ஒரே கட்டுக்குள்தான் வந்தன. உங்கள் வேலி எங்கே இருக்கிறது, தம்பி? பதினோராம் பந்திக்கும் இன்னும் பதில் வரவில்லை.

நல்லூரான்:
வராது. ஏனென்றால் அவர் முதற்கேள்விக்கே பதில் சொல்லவில்லை. அட்டவணை, சிங்கப்பூர், வலோனியா, இறால் எல்லாம் பிறகு. பொதுச் சேவைகள் “வெளியே நிற்கின்றன” என்று எழுதியவர், ‘போட்டியிட்டும்’ என்ற சொல் அந்த உறுப்புரையில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு சொல்லில் சொல்லட்டும்.

கடலோடி:
இருக்கிறது. அட்டவணையில் குடிநீர் இல்லை.

நல்லூரான்:
‘இருக்கிறது’ என்ற சொல்லுக்குப் பிறகு எழுதியதை நான் வாசிக்கவில்லை. நேற்றைய பதிவில் அதை ஏன் எழுதவில்லை?

கடலோடி:
சுருக்கிச் சொன்னேன் என்று முதலிலேயே எழுதினேன்.

நல்லூரான்:
விழுங்கினீர்கள்.