மணற்குன்றுகளில் ஒரு மாட்டுப் பண்ணைக் குடும்பம்

அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்களோடு பழகியவர்கள் எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் கால்நடைத் தீவனத் துறையில் இருக்கிறேன். வேலை நிமித்தமாக அறிமுகமான ஒரு குடும்பம் இப்போது எங்களுக்கு உறவு மாதிரி ஆகிவிட்டது. பெயரை எழுத அவர்கள் விரும்பமாட்டார்கள். இடத்தை மட்டும் சொல்கிறேன்: செர்ரி கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி), சேண்ட்ஹில்ஸ் பகுதி.

சுமார் 50,000 சதுர கிலோமீட்டருக்கு மணற்குன்றுகள். மேலே புல் போர்த்தியிருப்பதால் தூரத்திலிருந்து பச்சையாகத் தெரிகின்றன. ஒரு பிடிப் புல்லை வேரோடு பிடுங்கினால் அடியில் வெறும் மணல்தான். செர்ரி கவுன்ட்டி மட்டுமே கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது; அங்கே வசிப்பவர்களோ 6,000 பேர்கூட இல்லை.

பண்ணைக்காரரின் கொள்ளுத்தாத்தா இங்கே வந்தது கின்கெய்ட் சட்டத்தின் கீழ். 1862-இல் அதிபர் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம் குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ஐந்து ஆண்டுகள் குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செய்துகாட்டினால் நிலம் சொந்தம். மழை பெய்யும் கிழக்கு நெப்ராஸ்காவில் அது போதுமானதாக இருந்தது. மேற்கே இந்த மணலில் போதவில்லை. அதனால் 1904-இல் மோசஸ் கின்கெய்ட் என்ற காங்கிரஸ் உறுப்பினர் கொண்டுவந்த சட்டம், மாநிலத்தின் 37 கவுன்ட்டிகளுக்கு மட்டும் அளவை 640 ஏக்கராக உயர்த்தியது.

கேட்பதற்குப் பெரிய பண்ணையாரின் சொத்து போலத் தோன்றும். ஆனால் அந்தப் புல்லில் ஒரு பசுவும் அதன் கன்றும் ஆண்டு முழுவதும் பிழைக்க ஏறத்தாழ 20 ஏக்கர் வேண்டும். கணக்குப் போட்டால் முப்பது மாடு சொச்சம்தான் தேறும். அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்று தெரிந்ததும் பலர் ஏர் பூட்டினார்கள். புல்வேர் அறுந்ததும் காற்று மணலை அள்ளிக்கொண்டு போயிற்று, விளைச்சல் சரிந்தது. 1907-இல் தொடங்கி டிவிட்டி என்று ஓர் ஊரையே உருவாக்கிய கறுப்பினக் குடும்பங்களும் 1930களில் கலைந்துபோயின. சட்டம் போட்டவர்கள் நிலத்தை வரைபடத்தில் பார்த்தார்களே தவிர மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். அதற்கும் முன்னால் இது லகோட்டா, பானி என்ற பூர்வகுடி மக்களின் வேட்டை நிலம். லகோட்டாக்களின் ரோஸ்பட், பைன் ரிட்ஜ் ஒதுக்கீட்டு நிலங்கள் மாநில எல்லைக்கு வடக்கே இப்போதும் இருக்கின்றன. அரசு இலவசமாகக் கொடுத்த நிலம் யாரிடமிருந்து எடுத்தது என்பதை அந்த வீட்டில் மறைத்துப் பேசுவதில்லை. அதற்காகவே அவர்கள்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

இந்தக் குடும்பம் எப்படி நின்றது? ஊரைவிட்டுப் போனவர்களின் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தார்கள். குன்றுகளில் ஏரே வைக்கவில்லை. முதல் வீடு புல்மண் கட்டியால் கட்டியது: புல்லோடும் வேரோடும் மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி, புல் பக்கம் கீழே வரும்படி அடுக்கிய சுவர். அந்த இடத்தில் இன்று ஒரு பள்ளம்தான் மிச்சம். மரமில்லாத சீமையில் அடுப்புக்கு வரட்டிதான். வீட்டிலுள்ள பெரியம்மாவுக்கு, பண்ணைக்காரரின் தாயாருக்கு, இப்போது எண்பது வயதுக்கு மேல். 1949 ஜனவரிப் பனிப்புயலைப் பள்ளிச் சிறுமியாகப் பார்த்தவர். பட்டினி கிடந்த மாடுகளுக்கு ராணுவ விமானங்களிலிருந்து உலர்புல் கட்டுகளைப் போட்டதை இன்றைக்கும் விவரமாகச் சொல்வார்.

எனக்கு மறக்க முடியாதது மார்ச் மாதத்துக் கன்றுக்காலம். தலையீற்றுக் கிடேரிகளைத் தொழுவத்துக்குப் பக்கத்திலேயே கட்டியடைத்து, இரவு முழுவதும் இரண்டு மணிக்கொரு முறை போய்ப் பார்க்கிறார்கள். நள்ளிரவுக்குப் பிந்திய முறை வீட்டம்மாவுடையது. பனியில் விழுந்த கன்று ஈரம் காய்வதற்குள் எழுந்து சீம்பால் குடித்தாக வேண்டும். இல்லையென்றால் காது நுனி உறைந்து கருகிவிடும், அல்லது கன்றே போய்விடும்.

அன்று ஒரு பசுவின் கன்று இறந்தே பிறந்தது. இன்னொரு பசு போட்ட இரட்டையில் ஒன்றைத் தாய் முட்டித் தள்ளிவிட்டிருந்தது. வீட்டம்மா ஒரு சிறிய கத்தியை எடுத்து, இறந்த கன்றின் தோலைச் சட்டை கழற்றுவதுபோல் உரித்தார். கால்கள் நுழைய நான்கு துளைகள். வால் பகுதியை மட்டும் அறுக்காமல் விட்டார்; பசு முதலில் மோந்து பார்ப்பது அங்கேதானாம். ஒதுக்கப்பட்ட கன்றுக்கு அதைப் போர்த்தி, வயிற்றுக்கடியில் சணல் கயிற்றால் முடிச்சிட்டு, கன்றை இழந்த பசுவின் கூண்டுக்குள் விட்டார். பசு மோந்தது, பின்வாங்கியது, மறுபடி மோந்தது. பிறகு தொண்டைக்குள்ளேயே ஒரு முனகல். கன்று மடியை முட்டிக் குடிக்கத் தொடங்கியதும் அதன் சொந்த வால், மேலே தொங்கிய செத்த வாலோடு சேர்ந்து ஆடியது. எங்கள் காங்கேயம் பக்கத்தில் வைக்கோல் திணித்த தோற்கன்றைக் காட்டிப் பால் கறந்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். இங்கே அந்தத் தோலுக்குள் உயிருள்ள கன்று ஒன்று பிழைத்துக்கொண்டது. சில நாளில், பால் உள்ளே போய்க் கன்றின் வாடை மாறியதும், தோலை அவிழ்த்து எறிந்துவிடுகிறார்கள்.

மே மாதம் கன்றுகளுக்கு உரிமைக் குறியாகச் சூடு போடும் நாள். சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே வந்துவிடுகிறார்கள். யாருக்கும் கூலி கிடையாது. நீ என் பட்டிக்கு வந்தாய், அடுத்த வாரம் நான் உன் பட்டிக்கு வருவேன், அவ்வளவுதான். குதிரைமேலிருந்து கயிறு வீசிக் கன்றின் பின்னங்காலைப் பிடிக்கும் வேலை அன்று மூத்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மரியாதை. இழுத்து வந்த கன்றைப் பையன்களும் பெண்களும் இருவர் இருவராக அமுக்கிப் பிடிக்க, ஒருவர் தடுப்பூசி, ஒருவர் காயடிப்பு, ஒருவர் காய்ச்சிய இரும்பு. பண்ணைக்காரரின் சின்னப் பெண் ஊசி போட்ட கன்றுகளுக்கெல்லாம் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டே ஓடினாள். ஒரு கன்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. அந்தச் சூட்டுக்குறி மாநிலத்தில் பதிவு செய்தது. விற்கும்போது அதிகாரி அதைப் பார்த்துத்தான் உரிமையை உறுதி செய்கிறார்.

பண்ணைக்காரரிடம் மாட்டைப் பற்றிக் கேட்டால் புல்லைப் பற்றித்தான் பேசுவார். "நான் புல் விவசாயி. மாடு அதை அறுவடை செய்கிறது" என்பார். முழங்காலிட்டு உட்கார்ந்து, ப்ளூஸ்டெம் புல்லின் தூரை விரலால் விலக்கிக் காட்டுவார். பாதி தின்னட்டும், பாதி நிற்கட்டும் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. புல் குட்டையாவதற்குள் மந்தையை அடுத்த அடைப்புக்கு ஓட்டிவிடுவார். புல் அற்றுக் காற்று குடைந்த குழி ஒன்று தெரிந்தால் பழைய டயர்களையும் கெட்டுப்போன உலர்புல்லையும் கொண்டுபோய்ப் போட்டு மூடுகிறார்கள். தண்ணீருக்குக் குறைவில்லை. அடியில் ஒகலாலா நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. காற்றாலை சுற்றத் தொட்டி நிரம்புகிறது. குளிர்காலத்தில் அந்தத் தொட்டியில் உறையும் பனிக்கட்டியைக் கோடாலியால் உடைப்பது பையனின் வேலை.

வருமானம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே தடவை, இலையுதிர் காலத்தில் கன்றுகளை விற்கும்போது. அந்த வாரம் விலை சரிந்தால் ஆண்டே சரிந்தது. வீட்டம்மா ஊரில் நர்ஸாக வேலை பார்ப்பதற்கு முதல் காரணம் சம்பளம் அல்ல, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்கும் என்பதுதான். இரவெல்லாம் கன்று பார்த்துவிட்டுப் பகலில் மருத்துவமனைக்குக் காரோட்டிப் போகிற அவரைப் போன்றவர்கள் இல்லையென்றால் இந்தப் பண்ணைகளில் பல எப்போதோ கைமாறியிருக்கும். படங்களில் தொப்பி போட்ட ஆணை மட்டும் காட்டுகிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது அவர்களுடைய கவலை வாரிசு. நிலத்தின் விலை ஏறிவிட்டதால், பண்ணையில் தங்க நினைக்கும் பையன் தன் தங்கையின் பங்கை மாட்டு வருமானத்தில் கொடுத்து முடிக்க வழி தெரியவில்லை. பெரியம்மா உயிரோடிருக்கும்போதே வழக்கறிஞரை வைத்து எழுதிவைக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: ஜூன் மாதம் நல்லது. 20-ஆம் எண் நெடுஞ்சாலையில் போனால் வாலன்டைன் ஊரிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். எத்தனை மாடு, எத்தனை ஏக்கர் என்று யாரிடமும் கேட்காதீர்கள். அங்கே அது வங்கி இருப்பைக் கேட்பதற்குச் சமம். மழை பெய்ததா என்று கேளுங்கள், அரை மணி நேரம் நின்று பேசுவார்கள்.