மூக்குத்தண்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களே, தும்மல் நின்றதா?

அல்சூர்க்காரி:
ஏழாம் நாள் தகடு எடுத்தார்கள். இரு துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவரான தண்டின் இரு பக்கமும் வைத்துத் தைப்பார்களே, அந்தச் சிலிக்கான் தகடுதான். தையலை வெட்டிவிட்டு இடுக்கியால் ஒரே இழுப்பு. ரத்தமும் சளியும் ஒட்டிக்கொண்டு வழுக்கி வந்தது. மறுநொடி குளிர்ந்த காற்று நெற்றிவரை ஏறியது. பக்கத்து மேசையில் யாரோ வைத்திருந்த காபியின் மணம் தெரிந்தது. நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். வலது துளையில் காற்றே போகாமல் 14 வருடம் இருந்தவள் நான்.

அந்தச் சுகம் நான்கு மாதம்தான். ஜனவரி விடியலில் கம்பளியை உதறினேன். அடுக்கடுக்காக இருபது தும்மல், மூக்கில் தண்ணீர், மறுபடி அடைப்பு. வேறொரு மருத்துவர்தான் கையில் ஊசி குத்தி ஒவ்வாமைப் பரிசோதனை செய்தார். தூசிப்பூச்சிக்கு, அதாவது வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கு, குத்திய இடம் மட்டும் கொசுக்கடி போலத் தடித்தது. இதைக் கத்தி வைப்பதற்கு முன்பே ஏன் ஒருவரும் பார்க்கவில்லை? இன்றுவரை ஆறவில்லை எனக்கு.

ஜெயநகர்வாசி:
அக்கா, இதைப் படித்து யாரும் அறுவை சிகிச்சைக்கே பயந்துவிடக் கூடாது. எனக்கு 16 வயதில் கிரிக்கெட் பந்து பட்டுத் தண்டு சாய்ந்தது. ஒவ்வாமை கிடையாது. தகடு எடுத்த அன்று இரவு குறட்டை கேட்கவில்லை என்று என் மனைவி பதறி எழுந்து, மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்தாள். ஆறு வருடமாகிறது, இன்றும் நன்றாக இருக்கிறேன்.

கிருஷ்ணராஜபுரம்:
ஜெயநகர் சார், உங்கள் மூக்கும் அவர் மூக்கும் ஒன்றல்ல. உங்களுக்குக் கோணல் மட்டும், நிமிர்த்தியதும் தீர்ந்தது. அவருக்குக் கோணலோடு உள்சவ்வும் தூசியைக் கண்டால் வீங்குகிறது. எனக்கும் அப்படித்தான். மூக்கின் உள்ளே பக்கவாட்டில் துருத்தி நிற்கும் சதையை ரேடியோ அலைச் சூட்டால் சுருக்கினார்கள். அடைப்பு பெருமளவு குறைந்தது, தும்மல் குறையவில்லை. ஒவ்வாமை உள்ளவருக்கும் அறுவை சிகிச்சை பலன் தரும். மருந்தை மட்டும் விட முடியாது.

அக்கா, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மூக்கடைப்பைத் திறக்கக் கடையில் கேட்டு வாங்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் தொடாதீர்கள். விட்டதும் அடைப்பு முன்னைவிட மோசமாகும்; நான் மூன்று வருடம் அதற்கு அடிமையாக இருந்தேன். ஸ்டீராய்டு ஸ்பிரே வேறு வகை. அது தினமும் அடித்தால்தான், அதுவும் ஓரிரு வாரம் கழித்தே, முழுப் பலன் காட்டும். வலது துளைக்கு இடது கை, இடது துளைக்கு வலது கை. முனை காதுப் பக்கம் பார்க்கட்டும். தண்டின்மேல் அடித்தால் ரத்தம் கசியும். உப்புநீரில் கழுவுவதானால் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டுமே, குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். தலையணை உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். அந்தப் பக்கவாட்டுச் சதையை முழுக்க வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். அளவுக்கு மீறி எடுத்தால் மூக்கு காய்ந்து, காற்று போய்க்கொண்டிருந்தாலும் மூச்சு முட்டுவது போலவே இருக்குமாம்.

அல்சூர்க்காரி:
கை மாற்றி அடிப்பதை இன்றுதான் கேள்விப்படுகிறேன். எனக்குத் தினமும் ரத்தம் கசிந்ததன் காரணம் இப்போது புரிகிறது. இன்றிரவே மாற்றிப் பார்க்கிறேன். நாக்கின் அடியில் வைக்கும் ஒவ்வாமை மருந்தை மூன்று வருடமாவது தொடர வேண்டும் என்கிறார் மருத்துவர். தூசிப்பூச்சிக்காக அதை எடுத்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?