வீட்டு போனுக்கு ராஸ்ப்பெரி பை: தேவையா, வெட்டி வேலையா?

கம்பிவால்:
கீழ்வீடு, மாடி, பின்கட்டு மூன்றுக்கும் இண்டர்காம் வேண்டும். ராஸ்ப்பெரி பை 4 என்ற குட்டிக் கணினியில், போன் எக்ஸ்சேஞ்ச் வேலை பார்க்கும் ஆஸ்டெரிஸ்க் மென்பொருளைப் போட்டு, பழைய மேசை போன்களை வீட்டு நெட்வொர்க்கோடு சேர்க்கும் அடாப்டர் வழியாக இணைக்கலாம் என்றிருக்கிறேன். சும்மா இருக்கும்போது 5 வாட்டுக்குள்தான் கரண்ட் இழுக்கும். யாராவது செய்திருக்கிறீர்களா?

ஊர்க்குருவி:
எதற்கு இந்தப் பாடு? எல்லார் கையிலும் வாட்ஸ்அப் இருக்கிறதே.

பின்கட்டுக்காரர்:
எண்பது வயதுப் பாட்டியிடம் வாட்ஸ்அப்பைக் கொடுத்துப் பாருங்கள் குருவி. ரிசீவரை எடுத்து 12 அழுத்தினால் மாடியில் மணியடிக்க வேண்டும், அவ்வளவுதான். குரலை டேட்டாவாக்கும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு பக்கம் நொடிக்கு 64 கிலோபிட். டேட்டாப் பொட்டலங்களின் மேல் ஒட்டும் முகவரி முதலான தலைப்புச் சுமை சேர்ந்தாலும் 90-ஐத் தாண்டாது. பைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.
கம்பிவால், பழைய யூடியூப் பாடங்களை நம்பாதீர்கள். ஆஸ்டெரிஸ்க் 21-இல் போன்களை இணைக்கும் பழைய பகுதியான சான்_சிப்பையே எடுத்துவிட்டார்கள், இனி அதன் இடத்தில் பிஜேசிப்தான். சுழற்று டயல் போன் என்றால் டயல் சுழலும்போது வரும் பல்ஸை ஏற்கும் அடாப்டரா என்று கேட்டு வாங்குங்கள், எல்லாம் ஏற்காது.

ஊர்க்குருவி:
பை தாங்கும், சரி. அதிலுள்ள எஸ்டி மெமரி கார்டு? நடப்பதையெல்லாம் லாக் எழுதி எழுதியே ஒருநாள் செத்துப்போகும். செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். கரண்ட் போனாலும் பேசலாம். உங்கள் ஏற்பாட்டில் பை, ரௌட்டர், அடாப்டர் மூன்றுக்கும் யுபிஎஸ் வேண்டும். நீங்கள் ஊரில் இல்லாதபோது பாட்டியா எஸ்எஸ்ஹெச் போட்டுப் பைக்குள் நுழைந்து சரிசெய்வார்?

கம்பிவால்:
கார்டுக்குப் பதில் எஸ்எஸ்டி டிஸ்க் போடுகிறேன், இன்வெர்ட்டரும் இருக்கிறது. ஆபீஸிலிருந்தும் பேச, இணைய அழைப்புகள் நுழையும் வாசலான 5060 போர்ட்டை ரௌட்டரில் திறந்துவிடலாமா?

பின்கட்டுக்காரர்:
ஐயோ, வேண்டவே வேண்டாம்! அந்தப் போர்ட்டைத் தேடிக்கொண்டேதான் பாட் என்னும் தானியங்கி நிரல்கள் அலைகின்றன. பாஸ்வேர்டு இளைத்ததாக இருந்து, வெளி அழைப்புக்குப் பணம் கட்டிய கணக்கும் அதில் இருந்தால், விடிவதற்குள் வெளிநாட்டுப் பிரீமியம் எண்களுக்கு அழைத்துக் காலி செய்துவிடுவார்கள். வயர்கார்டு விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை வழியாக மட்டும் வாருங்கள்.

ஊர்க்குருவி:
வயர்கார்டாம்! பல வீட்டு இணைப்புகளில் வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய பொது ஐபி முகவரியே கிடையாது. புதிய முகவரி முறையான ஐபிவி6 இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே ஒரு விபிஎஸ் சர்வர் வாடகைக்கு எடுக்க வேண்டும். சிக்கனம் எங்கே போயிற்று? அப்புறம், வெளிநாட்டு இணைய அழைப்பை வீட்டு லேண்ட்லைன் வழியாக உள்ளூர் எண்களுக்குத் திருப்பிவிடும் ஆசை வேறு வந்துவிடப் போகிறது. உரிமம் இல்லாமல் அதைச் செய்வது இந்தியாவில் குற்றம்.

கம்பிவால்:
அந்த ஆசை இல்லை. ஆபீஸையும் விட்டுவிடுகிறேன், வீட்டுக்குள் மட்டும்தான்.

ஊர்க்குருவி:
அதற்கு எலெக்ட்ரிக்கல் கடையில் விற்கும் இண்டர்காம் செட்டே போதுமே?

பின்கட்டுக்காரர்:
மாடி எடுக்காவிட்டால் பின்கட்டுக்கு மணியடி என்று அதற்குச் சொல்ல முடியுமா?

ஊர்க்குருவி:
கத்திக் கூப்பிட்டால் இரண்டு இடத்துக்கும் கேட்கும்.