தொங்கு தராசு இரண்டு மடங்கு காட்டுகிறது, அவசரம்

நிலாவெளிக்காரி:
நேற்று வரை ஒழுங்காக இருந்த டிஜிட்டல் தொங்கு தராசு இன்று காலை எல்லாவற்றையும் இரட்டிப்பாகக் காட்டுகிறது. மதிய பஸ்ஸில் நெத்தலிக் கருவாடு கொழும்புக்குப் போக வேண்டும். என்ன செய்யலாம்?

உப்புவெளி வாசி:
எதை நிறுத்துப் பார்த்தீர்கள்? எண்ணுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

கடற்காற்று:
பற்றரிதான். என்னுடையதும் இப்படித்தான் கூத்தாடியது. மாற்றுங்கள் தங்கச்சி.

நிலாவெளிக்காரி:
5 கிலோ கருவாட்டுக்கு 10 காட்டுகிறது.

ஓய்வு ஆசிரியர்:
அடிப்படையே தெரியாமல் தராசு வாங்குகிறீர்கள். திணிவு வேறு, நிறை வேறு. 5 கிலோகிராம் திணிவின் நிறை ஏறத்தாழ 49 நியூட்டன். தராசு உணர்வது அந்த விசையை. சாதாரண தரப் பாடத்திலேயே இருக்கிறது.

உப்புவெளி வாசி:
சேர், 49 காட்டியிருந்தால் உங்கள் விளக்கம் பொருந்தும். காட்டுவது 10. ஈர்ப்பு ஒரே இரவில் இரட்டிக்காது. இதே தராசை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனாலும் 5 கிலோவில் ஓரிரு கிராம், மிஞ்சினால் மூன்று கிராம்தான் குறையும்.

மீன்வாடி:
இறாத்தலுக்கு மாறியிருக்கும். இதற்கு ஏன் நியூட்டன்?

தராசுத்தட்டு:
5 கிலோ என்றால் இறாத்தலில் 11க்கு மேல் வர வேண்டும். ஒரு கிலோவுக்கு 2.2046 இறாத்தல். அதனால்தான் கேட்கிறேன், சரியாக இரண்டு மடங்கா? பிரிக்காத 1 கிலோ சீனிப் பொதியைக் கொக்கியில் மாட்டிப் பாருங்கள். 2.2 வந்தால் இறாத்தல். 2 வந்தால் ஜின் என்ற சீன அலகு. சீனாவில் ஒரு ஜின் 500 கிராம். அங்கே செய்யும் கைத்தராசுகள் பலவற்றில் கிலோ, இறாத்தல், அவுன்ஸ் ஆகியவற்றோடு அதுவும் இருக்கும். கருவாடு கூடவில்லை, அலகுதான் சிறுத்துவிட்டது.

கடற்காற்று:
பற்றரியை மாற்றினீர்களா?

நிலாவெளிக்காரி:
சீனி 2.01. பக்கத்தில் ஏதோ சீன எழுத்து.

தராசுத்தட்டு:
ஜின்தான். மிச்சம் உறையின் பாரம். அலகுப் பொத்தானை கே.ஜி. வரும்வரை ஒவ்வொரு தடவையாக அழுத்துங்கள். பைக்குள் கிடக்கும்போது அமுங்கியிருக்கும்.

மீன்வாடி:
எங்கள் காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. அந்தர் என்றால் 50 கிலோ.

உப்புவெளி வாசி:
அந்தர் 112 இறாத்தல், 50.8 கிலோ. பத்து அந்தரில் 8 கிலோ யாருடைய வயிற்றுக்குள் போனது அண்ணை?

மீன்வாடி:
சாக்கின் பாரத்தைக் கழிக்க வேண்டாமா தம்பி? கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் வந்து கேட்டுப் பாரும்.

உப்புவெளி வாசி:
800 கிராம் சாக்கா? அது சாக்கா, பாயா?

ஓய்வு ஆசிரியர்:
1959ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி ஓர் இறாத்தல் 0.45359237 கிலோகிராம். அதை 112ஆல் பெருக்கிப் பாருங்கள். கணக்கு வாடியில் முடிவாவதில்லை.

மீன்வாடி:
வாடியில் காசு கொடுப்பவர்தான் முடிவெடுப்பார், சேர்.

நிலாவெளிக்காரி:
1.005 வந்துவிட்டது. பஸ்ஸும் வந்துவிட்டது. நன்றி.

தராசுத்தட்டு:
ஒன்று மட்டும். விற்பனைக்கு நிறுப்பதென்றால் அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை பெற்ற தராசு வேண்டும். இதை வீட்டில் சரிபார்க்க வைத்திருங்கள். இதற்கு முன் அனுப்பிய பொதிகளை எந்தத் தராசில் நிறுத்தீர்கள்?

கடற்காற்று:
அவர் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். நெத்தலி கிலோ என்ன விலை என்று யாருக்காவது தெரியுமா?