செகிரோ: எனக்குப் பிடித்த கூரைகளும் பிடிக்காத காடும்

செகிரோ என்ற வீடியோ கேமை விளையாடியவர்கள் கூடினால் பேச்சு உடனே அதில் எதிரிகளாக வரும் ஜெனிச்சிரோவிடமும் ஆந்தையிடமும் இஷ்ஷினிடமும் போய்விடுகிறது. யார் கடினம், யாரை எப்படி வெட்டினோம் என்று பேசியே பொழுது போய்விடும். நான் இடங்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அந்த ஆட்டத்தில் என்னை வாள் சுழற்றப் பழக்கியவர்கள் பாஸ்கள் எனப்படும் பெரிய எதிரிகள்தான். ஆனால் யோசிக்கப் பழக்கியவை சுவர்களும் கூரைகளும் பள்ளத்தாக்குகளும். கதையின் கடைசிவரை பேசப்போகிறேன். இன்னும் ஆடி முடிக்காதவர்கள் இங்கேயே நின்றுகொள்வது நல்லது.

2019 மார்ச்சில் வெளிவந்த ஆட்டம். ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம், இயக்கம் ஹிடேடகா மியாசாகி. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்று தி கேம் அவார்ட்ஸ் விருதும் கிடைத்தது. எல்லோரும் சாமுராய் ஆட்டம் என்கிறார்கள். நாயகனான ஓநாய் உண்மையில் ஷினோபி, அதாவது நிஞ்சா; எதிரே நிற்பவர்கள்தான் பெரும்பாலும் சாமுராய்கள். இந்த வேறுபாடு இட அமைப்புக்கு மிக முக்கியம். சாமுராய்க்கு வாசல் வழி, ஷினோபிக்குக் கூரை வழி. வெட்டுப்பட்ட இடது கைக்குப் பதிலாக, பாழ்கோயிலில் இருக்கும் சிற்பி பொருத்திக்கொடுக்கும் செயற்கைக் கையில் ஒரு கொக்கிக் கயிறு இருக்கிறது. அது கிடைத்த நொடியிலிருந்து நாம் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் மேலே பார்க்கிறோம்.

அஷினா என்ற நாடு கற்பனை. பெயர் மட்டும் வரலாற்றில் உண்டு: ஐசு பகுதியை ஆண்ட அஷினா குலம் 1589இல் சுரியாகெஹாரா போரில் தாதே மசமுனேவிடம் தோற்று ஆட்சியை இழந்தது. ஆட்டத்தில் வரும் அஷினாவும் அழியப்போகிற நாடுதான். வெளியிலிருந்து பெரும்படை வரும் என்பது முதல் மணி நேரத்திலேயே காதில் விழுந்துவிடுகிறது.

முதலில் அஷினா புறநகர். பனி, இடிந்த வாயில்கள், ஆங்காங்கே காவலர்கள். புதிதாக ஆடுபவர்களை இந்த இடத்தில்தான் கவனித்துப் பார்க்க வேண்டும். நேர் வழியில் ஓடினால் மணியடித்து ஊரையே எழுப்பிவிடுவார்கள். பக்கத்துக் கிளையில் கொக்கியை மாட்டி மேலே ஏறினால் அதே காவலர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சத்தமின்றி விழுவார்கள். இதைச் சொல்லிக்கொடுக்க ஆட்டம் பக்கம் பக்கமாக எழுத்தைக் காட்டுவதில்லை. கிளையை அங்கே வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறது.

சங்கிலியில் கட்டப்பட்ட அந்த ராட்சதன் இருக்கிறானே, அவனிடம் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பிடித்துத் தூக்கித் தரையில் அடிப்பான். எவ்வளவு அழகாக வாளால் தடுத்தாலும் பிடிக்குத் தடுப்பே கிடையாது. அவனுக்கு அருகே நிற்கும் வீரர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டால் அவனைப் போன்ற செங்கண்ணர்கள் நெருப்புக்கு அஞ்சுவார்கள் என்று தெரியவரும். சரி, நெருப்புக்கு எங்கே போவது? அதே புறநகரில் பாழடைந்த வீடு ஒன்றில் இருக்கும் மூதாட்டி ஒரு மணியைத் தருகிறாள். அதைப் பாழ்கோயிலில் புத்தர் முன் வைத்தால் மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய ஹிராட்டா மாளிகைக்குள், அது எரிந்துகொண்டிருக்கும் இரவுக்குள் போய் நிற்கிறோம். அங்கே ஒரு நெருப்புக் குவியலில் தீக்குழாய் கிடக்கிறது. அதைச் சிற்பியிடம் கொடுத்துக் கையில் பொருத்திக்கொண்டு திரும்பி வந்தால், நம்மைப் பந்தாடிய ராட்சதன் கண்முன்னே துடிக்கிறான்.

இந்தச் சுற்றை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தடை ஒரு இடத்தில், துப்பு அதன் வாசலில், வழி ஒரு கிழவியின் கையில், விடை கடந்த காலத்தில். எதுவும் கட்டாயமில்லை. தீக்குழாய் இல்லாமலே அவனைச் சாய்த்தவர்கள் நிறைய. ஆனால் காது கொடுத்தவருக்கு ஆட்டம் கூலி கொடுக்கிறது.

ராட்சதனைத் தாண்டிப் போனால் பள்ளத்தாக்கில் பாம்பு. நான் முதல்முறை பார்த்தபோது அதை மலையின் ஒரு பகுதி என்றே எண்ணியிருந்தேன், அசையும்வரை. அங்கே சண்டை கிடையாது. புதருக்குள் பதுங்கி, பாறை விளிம்பில் கிடக்கும் பல்லக்குக்குள் ஒளிந்து, அது கண்ணைக் கிட்டே கொண்டுவரும்போது வாளைச் செருகிவிட்டு ஓட வேண்டும். ஓடும்போது கொக்கி மாட்டும் இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியான நேரத்தில் கண்ணில் படும்படி வைத்திருக்கிறார்கள். பதற்றத்தில் நாம் சாகசம் செய்ததாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கையைப் பிடித்து இழுத்துப்போகிறார்கள்.

இப்போது அஷினா கோட்டை. என் முதலிடம் இதற்குத்தான், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. வாசலில் எரியும் வைக்கோலைக் கொம்பில் சுமந்துகொண்டு பாயும் காளையை (பட்டாசு வைத்திருந்தால் தப்பித்தோம்) முடித்துவிட்டு உள்ளே போனால், கோட்டையின் பெரும்பகுதி கூரைகளின் மேல்தான் நடக்கிறது. இறகு ஆடை அணிந்த இரவுக்காவலர்கள் ஓட்டுக்கு ஓடு தாவி வருவார்கள். அவர்களிடம் தப்பிக்கும் ஓட்டத்தில்தான் எந்தக் கூரைக்கு அடுத்து எந்தக் கூரை என்பது மனதில் பதிகிறது. பழைய கல்லறைப் பக்கம் ஒரு கூரையில் ஓட்டை இருக்கும். உள்ளே குதித்தால் கருந்தொப்பி பேட்ஜர் கடை விரித்து உட்கார்ந்திருப்பான். அவனிடம்தான் கேடயமாகப் பயன்படும் இரும்புக் குடைக்கான பொருளை வாங்க வேண்டும். அந்த ஓட்டையைப் பார்க்காமலே ஆட்டத்தை முடித்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. குடையில்லாமல் துப்பாக்கிக் கோட்டையைக் கடந்தவர் என்பதால் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

கூரையிலிருந்து சன்னல் வழியாக உள்ளே இறங்கியதும் ஆட்டத்தின் குணம் மாறுகிறது. தாழ்ந்த கூரை, குறுகிய தாழ்வாரம், கொக்கி மாட்ட வழியில்லை. பயிற்சிக்கூடத்தில் ஜின்சுகே சாஸே என்ற ஒரு சாமுராய் வாளை உறையில் வைத்தபடி நிற்பான். அவன் உருவும் வேகத்துக்கு நம் விரல் பழக வேண்டும், வேறு தந்திரம் இல்லை. வெளியே பறவையாக இருந்தவனை உள்ளே இழுத்து வாளோடு வாள் மோதவிடுகிறார்கள். அதற்கு மேலே, உச்சித் தளத்தில் ஜெனிச்சிரோ. அவன் தொடக்கக் காட்சியில் நம் கையை வெட்டியவன் என்பதால் அந்தப் படிக்கட்டு ஏறும்போதே ரத்தம் சூடாகும். கடைசிக் கட்டத்தில் அவன் எறியும் மின்னலைக் காற்றில் பிடித்து, கால் தரையில் படுமுன் திருப்பி எறியும் வித்தையை இங்கே கற்றுக்கொள்கிறோம். ஊற்றுக்கண் அரண்மனை போகும்போது அது இல்லாமல் பிழைப்பது கடினம்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கோட்டை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். கதை நகர நகர இதே கோட்டைக்கு மீண்டும் வருகிறோம். ஒருமுறை வந்தால் கூரைகளை, அஷினாமேல் படையெடுக்கும் உள்துறையின் நிஞ்சாக்கள் பிடித்திருக்கிறார்கள். முன்பு நம்மைத் துரத்திய இரவுக்காவலர்கள் இருந்த இடத்தில் வேறு வேகம், வேறு ஆயுதம். கடைசியாக வரும்போது இருட்டு. எல்லாப் பக்கமும் தீ. வெளியிலிருந்து வந்த படை உள்ளே புகுந்துவிட்டது, அஷினா வீரர்கள் அவர்களோடு மோதிச் சாகிறார்கள். அடிப்படை வரைபடம் ஒன்றுதான். இருட்டில் சொந்த வீட்டுக்குள் நடப்பதுபோல எந்தக் கூரை எங்கே போகும் என்று நம் கைக்குத் தெரியும். அங்கே யார் நிற்பார்கள் என்பது மட்டும் தெரியாது. பழைய இடத்தைத் திரும்பப் பயன்படுத்துவது செலவைக் குறைக்கும் வேலை என்று சிலர் குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இருக்கலாம். எனக்கு அது நாடு ஒன்று விழுவதைக் காட்டும் வழியாகவே பட்டது. ஆட்கள் பேசிச் சொல்லியிருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது.

உச்சித் தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஜெனிச்சிரோ. பிறகு அதே பலகைத் தரையில் வளர்ப்புத் தந்தை ஆந்தை வந்து, நாம் காத்துவரும் சிறுவன் குரோவைக் கைவிடு என்கிறான். மறுத்தால் அவனோடு சண்டை. சரி என்று தலையசைத்தால் அதே இடத்தில் எம்மாவும் முதிய இஷ்ஷினும் நம்மைத் தடுக்க வருகிறார்கள். ஒரே அறையில் பகைவனும் தந்தையும் மருத்துவப் பெண்ணும் முன்னாள் தலைவனும். இரண்டாவது முறை ஆடும்போதுதான் அந்தக் கெட்ட முடிவைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். எம்மா வாளை உருவியபோது எனக்குச் சண்டையிட மனமே வரவில்லை.

சென்போ கோயில் இருக்கும் கொங்கோ மலை பார்வைக்கு ஆட்டத்திலேயே அழகான இடம். இலையுதிர்கால மேப்பிள் சிவப்பு, மலைப்பாதை, காற்றாடிகள். அழகில் மயங்கி நடந்தால் துறவிகள் ஈட்டியோடு பாய்வார்கள். பாதையில் ஒரு மரப்பாலம். அதில் முழுக் கவசம் அணிந்த ஐரோப்பிய வீரன். வாள் அவன்மேல் பட்டால் பொறி பறக்கிறது, அவ்வளவுதான். நிலைகுலையச் செய்து பாலத்திலிருந்து கீழே தள்ளுவது ஒன்றே வழி. விழும்போது தன் மகனை நினைத்து "ராபர்ட்!" என்று அலறுகிறான். நம் கையிலிருக்கும் பட்டாசு செய்யப்பட்ட பொருளின் பெயர் "ராபர்ட்டின் பட்டாசு" என்பது அப்போது நினைவுக்கு வரும். இந்தக் கோயில் துறவிகள் சாவாமைக்காகக் குழந்தைகளைச் சோதனைக்குப் பயன்படுத்தியவர்கள் என்பது கொஞ்சம் மேலே போனதும் புரிந்துவிடும். அந்தத் தந்தையைத் தள்ளியது நான். இதைப் பற்றி ஆட்டத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பிரதான மண்டபத்தில் உட்கார்ந்த நிலையிலேயே உலர்ந்துபோன துறவிகள் வரிசையாக இருப்பார்கள். ஜப்பானின் யாமகாத்தா பகுதியில் உணவைக் குறைத்துத் தம் உடலைத் தாமே உலரவைத்துக்கொண்ட துறவிகளின் உடல்கள் இன்றும் கோயில்களில் இருக்கின்றன. அந்த மரபை எடுத்து ஆட்டம் இருட்டான பக்கத்துக்குத் திருப்பியிருக்கிறது.

அங்கேயே இன்னொன்று: மடக்குத்திரை ஓவியத்துக் குரங்குகள். நிக்கோ கோயிலில் செதுக்கியிருக்கும் பாராத, கேளாத, பேசாத மூன்று குரங்குகளைத் தெரியாதவர் குறைவு. இங்கே அவற்றைப் பிடிக்க வேண்டும். கூர்ந்து பார்க்கும் குரங்கை இருட்டறைப் பக்கம் விரட்டலாம். கூர்ந்து கேட்பதை அருவிச் சத்தத்தில் நெருங்கலாம். நான்காவதாகக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று, தொடக்கத்திலேயே நமக்குப் பின்னால் நிற்கிறது. பாஸ் சண்டை என்ற பெயரில் வந்தாலும் வாளுக்கு இங்கே வேலை குறைவு. அந்த மண்டபம்தான் எதிரி, மண்டபம்தான் ஆயுதம். எளிது என்று பலர் இதை மட்டம் தட்டுவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மூழ்கிய பள்ளத்தாக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலைப்பாறையில் செதுக்கிய மாபெரும் புத்தர்கள், நாலாபுறமும் துப்பாக்கிக்காரர்கள். நின்றால் சாவு, ஓடினால் பாதிச் சாவு. இதன் முடிவில் இருக்கும் காவல் குரங்கின் குளம்தான் விசேஷம். அதன் தலை விழுந்ததும் திரையில் வெற்றி எழுத்து வந்துவிடும். கன்ட்ரோலரைக் கீழே வைத்துத் தண்ணீர் குடிக்கப் போனவர்கள் எத்தனை பேர் என்று இங்கே கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும். தலையைக் கையில் பிடித்துக்கொண்டு அது எழுந்து நின்ற நேரத்தில் நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

பிடிக்காத இடமும் சொல்லத்தானே வேண்டும். அஷினா ஆழத்தில் வரும் பனிமூட்டக் காடு. எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாமல், மாயப் படைவீரர்கள் நடுவே தடவித் தடவிப் போய், மூட்டத்தை உண்டாக்கும் பிரபுவை ஒரு வெட்டில் முடித்தால் காடு தெளிகிறது. மேலே பார்த்து வழி கண்டுபிடிக்கப் பழக்கிய ஆட்டம் திடீரென்று கண்ணைக் கட்டிவிடுவது யோசனையாகப் பார்த்தால் நல்ல யோசனைதான். விளையாடும்போது சலிப்பு. அடுத்துவரும் மிபு கிராமம் அந்தச் சலிப்பைத் தீர்த்துவிடுகிறது. அங்கே சீர்கெட்ட துறவியின் மாய உருவத்தை வென்றால் நீருக்குள் மூழ்கும் திறன் கிடைக்கும். உடனே பழைய இடங்களெல்லாம் ஆழம் பெற்றுவிடுகின்றன. கோட்டையின் அகழியில் நான் எத்தனையோ முறை நீந்தியிருக்கிறேன். அடியில் தலையில்லாப் பேய் ஒன்று காத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

வைக்கோல் கயிற்றால் ஆன மாபெரும் உருவம் நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும் ஊற்றுக்கண் அரண்மனை, கண்ணுக்கு விருந்து, காலுக்குத் தண்டனை. ஏரியைத் தாண்டுவதற்குள் தூரத்திலிருந்து மின்னலை எறிந்துகொண்டே இருப்பார்கள். செம்பாலத்தில் அந்தச் சீர்கெட்ட துறவியின் உண்மையான வடிவத்தோடு நடக்கும் சண்டை மட்டும் எனக்குப் போதும். இரண்டாம் கட்டத்தில் அவள் மாய உருவங்களை ஏவும்போது மரக்கிளைக்குக் கொக்கி போட்டு ஏறி, மேலிருந்து குதித்து அந்தக் கட்டத்தையே முடித்துவிடலாம். புறநகரின் முதல் கிளையில் கற்ற பாடம்தான், இவ்வளவு தூரம் வந்தபின்னும் செல்லுபடியாகிறது.

கடைசியாகக் கோட்டை வாசலுக்கு வெளியே இருக்கும் போர்க்களம். "என் பெயர் க்யோபு மசதாகா ஓனிவா!" என்று முழங்கிக்கொண்டு குதிரையில் வருபவனோடு முதலில் மோதும் திறந்தவெளி. ஏராளமான இடம், கொக்கியால் குதிரைமேல் பாய வசதி. பலருக்கு இந்தச் சண்டையில்தான் ஆட்டத்தின் தாளம் பிடிபடுகிறது. ஆட்டத்தின் முடிவில் நாடு எரியும்போது அங்கே திரும்பினால் வெறுப்பின் அரக்கன் நிற்கிறான். அவன் யார் என்பது, பாழ்கோயிலில் சிற்பி உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். அவனோடு மோதப்போகிறவர்கள் நெருப்பைத் தாங்கும் சுசாகு குடையை முதலில் தயார் செய்துகொள்ளுங்கள். அது இல்லாமல் முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அடுத்தவர் எழுதலாம். பனிமூட்டக் காட்டுக்கு வக்காலத்து வாங்க யாராவது இருந்தால் அவர் முதலில் எழுதட்டும்.