ஸ்டார் சிட்டிசன்: இப்போது விளையாடத் தகுமா?

கேள்வி (சத்துவாச்சாரி): 2012-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தொடங்கிய இந்த விண்வெளி விளையாட்டு இன்னமும் ஆல்ஃபா எனப்படும் முழுமையடையாத சோதனை நிலையிலேயே இருக்கிறது. செமஸ்டர் விடுமுறையில் தொடங்கலாமா என்று விளையாடியவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி (காட்பாடி): தம்பி, முதலில் கணினியைப் பாருங்கள். 16 ஜிபி ரேமும், ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியும் வேண்டும். என் பழைய ஹார்ட் டிஸ்கில் ஏற்றிப் பார்த்தபோது, ஆற்காடு மக்கன் பேடா ஒன்றைத் தின்று முடித்த பிறகும் விளையாட்டில் வரும் விண்வெளி நிலையத்தின் சுவர்கள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. மற்றபடி, படுக்கையிலிருந்து எழுந்து, லிஃப்டில் இறங்கி, கப்பலை வரவழைத்து, நடுவே திரை மாறாமல் கோளின் தரையைத் தொடும் அனுபவம் வேறு எங்கும் எளிதில் வாய்க்காது.

மறுமொழி (குடியாத்தம்): இன்னமும் ஆல்ஃபாவில் இருப்பதால் முன்னேற்றமே இல்லை என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். 2023-இல் வந்த 3.18 பதிப்பு, கீழே வைத்த பொருள் வைத்த இடத்திலேயே நிலைக்கும்படி செய்தது; 2024 டிசம்பரில் வந்த 4.0, ஒரே உலகைப் பல சர்வர்கள் பங்கிட்டு நடத்தும் முறையையும் பைரோ என்ற இரண்டாம் விண்மீன் மண்டலத்தையும் (ஒரு விண்மீனும் அதன் கோள்களும்) சேர்த்தது. ஆயினும் தொடக்கத்தில் பேசப்பட்ட 100 மண்டலங்களோடு ஒப்பிட்டால், அது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான்.

மறுமொழி (காட்பாடி): அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம். இலவசமாக விளையாட அனுமதிக்கும் நாட்கள் அவ்வப்போது வரும். அப்போது உங்கள் கணினியில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.