காபி வாசனை திரும்பக் கிடைச்சவங்க யாராவது இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 46. நாலு மாசம் முன்னாடி வைரஸ் காய்ச்சல் வந்துச்சு, அதோட வாசனையும் போயிடுச்சு. நாக்குல உப்பு, புளிப்பு, காரம் தெரியுது. ஆனா ரசத்துல பெருங்காயம் போட்டேனா இல்லையான்னு சொல்ல முடியல. போன வாரம் பால் அடிப்பிடிச்சுத் தீஞ்சதை பக்கத்து வீட்டு அக்கா வந்து சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கேஸ் கசிஞ்சா என்ன ஆகும்னு பயந்து ராத்திரி ரெண்டு தடவை எழுந்து ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்க்கிறேன்.

மூக்குல அடைப்பு எதுவும் இல்ல, வாசனை நரம்பு மெதுவாத்தான் வளரும்னு டாக்டர் சொன்னார். ஜெர்மனி டிரெஸ்டன்ல தாமஸ் ஹம்மல் குழு 2009-ல வெளியிட்ட முகர்தல் பயிற்சியைச் செய்யறேன். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நாலையும் காலையும் ராத்திரியும் முகரணும், 12 வாரம். இப்போ ஏழாவது வாரம். கிராம்பு மட்டும் லேசா தெரியுது. ஆனா காபியும் வதங்குற வெங்காயமும் டயர் எரியுற நாத்தமா வருது. நரம்பு திரும்புறப்போ பலருக்கு இப்படி ஆகுமாம்.

இந்த நாத்தம் வந்து அப்புறம் சரியானவங்க சொல்லுங்க, எத்தனை மாசம் ஆச்சு? அதுவரை என்ன சாப்பிட்டீங்க? எனக்கு ஆறின தயிர்சாதம் மட்டும்தான் உள்ள இறங்குது.